தாய்மாமன் மடி

முப்பது வருஷத்துக்கு மேல் கல்வராயன் மலைக்குப் பஸ் ஓட்டியவன் நான். கள்ளக்குறிச்சியில் வண்டியை எடுத்தால் கச்சிராயபாளையம், அதைத் தாண்டி அடிவாரம், அப்புறம் வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலை. அடிவாரத்தில் ஏற ஆரம்பித்துவிட்டால் மேலே போய்ச் சேருகிறவரை வண்டியை ஓரங்கட்ட இடம் கிடையாது. அதனால் மூத்திரத்தை அடக்குவது எங்கள் தொழிலில் பாதி. "உனக்கு இன்னாப்பா, உள்ள டேம் கட்டி வெச்சிகினு கீற" என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை கூட இருந்தது. கண்டதற்கெல்லாம் பெருமைப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

ஓய்வு பெற்ற மறுவருஷம், ஐப்பசி மாசத்தில், எனக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சுரப்பியையே எடுத்தார்கள். நோய் பரவவில்லை, தப்பித்தீர்கள் என்றார் டாக்டர். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் மூத்திர ட்யூபை எடுத்துவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மூத்திரம் காலோடு வழிந்து ஆஸ்பத்திரித் தரையில் ஓடியது. நர்ஸ் ஒரு துணியை எடுத்துப் போட்டாள். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இது எல்லாருக்கும் வர்றதுதான். அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விட்டுப் பழகினா கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும்" என்றார் டாக்டர். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க டிரைவர்தானே? பிரேக் போடற மாதிரின்னு வெச்சிக்கங்க" என்றார். பிரேக் போடுவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் நான் மட்டும்தான். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பெடலை மிதிப்பேனே, அந்த மிதி மிதிப்பேன். வயிறு முன்னால் தள்ளும், முகம் சிவந்துபோகும், காது அடைக்கும். வேளாவேளைக்குச் செய்தேன். செய்யச் செய்ய ஈரம் ஜாஸ்தியானதே தவிரக் கம்மியாகவில்லை. மிதி போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தேன். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினேன். மலை ஏறுகிற நாளில் டிரைவர்கள் அப்படித்தான் செய்வோம். வந்த கொஞ்சமும் நெருப்பாக எரிந்தது.

பெரியவர்களுக்கான டயபர் வாங்குவது தனிக் கொடுமை. முதல் தடவை மெடிக்கல் ஷாப்பில் வாய் தவறி "எங்கம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டேன். அம்மா செத்து எத்தனையோ காலம். அன்றையிலிருந்து கடைக்காரர் விடவில்லை. "ஆயாவுக்கு எப்படி கீதுங்க?" என்பார். "அப்படியேதான் கீது" என்பேன். "புண்ணியம் பண்றீங்க. இந்தக் காலத்துல பெத்தவள யாரு இப்படிப் பாத்துக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே கறுப்புப் பையில் போட்டுத் தருவார். வாங்கிக்கொண்டு வரும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். என்னை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்காதபடி நானே பார்த்துக்கொண்டேன், அதுதான் உண்மை.

கேட்கக்கூடியவள் ஒருத்தி இருந்தாள், என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அவளுக்கும் வெகுகாலம் குழந்தை இல்லை. இரண்டு பேருக்கும் இல்லையே, குடும்பத்துக்கே சாபமோ என்று சொந்தக்காரர்கள் எங்கள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். கடைசியில், இனி இல்லை என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, நாற்பதை நெருங்குகிற வயதில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நான் வாய்விட்டு அழுதேன்.

குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் மடியில்தான் நடக்கும். புதுத்துணி, கம்மல், தேங்காய் பழத்தட்டோடு மாமன் வந்து மணையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைப்படை வயதில் செய்வதுதான் வழக்கம். குழந்தைக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது. ஆனியில் மூன்று முடிந்துவிடும், நாலில் குத்தக்கூடாது. கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம் என்று தங்கையின் மாமியார் சொன்னபோது அவள், "அண்ணன் ஆபரேஷன் பண்ணிகினு வந்துகீது, அது எழுந்து வரட்டும். அண்ணன் மடி இல்லாம எம் புள்ளைக்குக் காது குத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம். போனில் என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். நான் ஈர வேட்டியோடு நின்றுகொண்டு கேட்டேன்.

ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியும். இந்த ஒழுகல் தெரியாது. கூடப்பிறந்தவளிடம், அதுவும் நான் தூக்கி வளர்த்த பெண்ணிடம், எப்படிச் சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். தையில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே நாள் கடத்தினேன்.

பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகாமல் இருக்க முடியாது. அரிசி, வெல்லம், கரும்பு, தங்கைக்குப் புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு, உள்ளே டயபரும் போட்டுக்கொண்டு போனேன். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை எங்கிருந்தோ ஓடிவந்து மடியில் ஏறி, வயிற்றில் இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தது. டயபர் காலையிலிருந்தே கனத்துப்போயிருந்தது. இப்போது மொத்தமும் திறந்துகொண்டு, ஓரமெல்லாம் வழிந்து தொடையில் சூடாக இறங்குவது தெரிந்தது. நான் குழந்தையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அது சிமெண்டுத் தரையில் விழுந்து உதடு கிழிந்து கத்தியது. நான் திரும்பிப் பார்க்காமல், துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன்.

சமையலறை வாசலில் நின்ற தங்கை, நான் தள்ளியதைப் பார்த்தாள். மற்றதைப் பார்க்கவில்லை. அடுத்த டவுன் பஸ்ஸில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவள் போன் செய்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "ண்ணா, உனக்கு எம் புள்ள மேல ஆசையே இல்லியா?" என்றாள். தை முகூர்த்தமும் தள்ளிப்போனது. "வைகாசிதான் கடைசி. எத்தினி தடவ தள்றதுன்னு வூட்ல கத்திகினு கீறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை.

அந்த வைகாசிக்குள் என் மடி காய்ந்தாக வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். மறுநாளே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற இடத்துக்குப் போனேன். சின்ன வயசுப் பெண். அப்படியே திரும்பி வந்துவிடலாமா என்றிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். "செஞ்சி காட்டுங்க" என்றாள். மூச்சைப் பிடித்து, காலை ஊன்றி, ஒரே மிதி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இன்னா பண்றீங்க ஐயா?"

"பிரேக் போடறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது. "டாக்டர்தாம்மா சொன்னாரு" என்றேன்.

"அவரு நிறுத்தறதுக்குச் சொல்லிகீறாரு. நீங்க கீழ தள்ளிகினு கீறீங்க. இப்படித் தள்ளுனா உள்ள கீறதும் வெளிய வந்துடும். இது மேல இழுக்கற வேல ஐயா." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "பஸ் நெறைய ஜனம் உக்காந்துகினு கீது. உங்களுக்குக் காத்து பிரியற மாதிரி கீது. இன்னா பண்ணுவீங்க?"

"அடக்குவேன்."

"எத வெச்சி அடக்குவீங்களோ, அதான். அத இறுக்கி மேல தூக்குங்க, கொஞ்ச நேரம் புடிங்க, அப்பறம் முழுசா வுட்டுடுங்க. வுடறதும் முக்கியம். வயிறு ஆடக் கூடாது, பின்னாடி இறுக்கக் கூடாது, மூச்சு நிக்கக் கூடாது. பேசிகினே செஞ்சா மூச்சு நிக்காது. எழுந்துக்கறதுக்கு முன்னாடி, தும்மறதுக்கு முன்னாடி ஒரு தடவ இறுக்கிக்கங்க. தண்ணிய மட்டும் கம்மி பண்ணாதீங்க."

இரண்டு மாசத்துக்கு மேல் நான் என்னையே மிதித்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

பேசிக்கொண்டே செய் என்றாள். வீட்டில் யாரோடு பேச? கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கண்டக்டர் மாதிரி ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். "கச்சிராயபாளையம் இறங்கறவங்க வாங்க. டேமுக்குப் போறவங்க வாங்க." இறுக்கம். விடு. "வெள்ளிமலை எல்லாம் முன்னாடி போங்க." இறுக்கம். விடு. ஆளில்லாத வீட்டில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள், "யாருங்க வந்துகீறாங்க, பேச்சு சத்தம் கேட்டுது?" என்றாள். யாரும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. போன் என்றேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது படுத்திருக்கிற நேரம் ஈரம் நின்றது. உட்கார்ந்திருப்பதும் சரியாயிற்று. நிற்பதும், நடப்பதும், உடம்பு குலுங்குவதும்தான் தகராறு. அதற்காக மலை பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் என்னிடம் ஒரு காலத்தில் வேலை பழகியவன், "வாங்கண்ணா, முன்னாடி உக்காருங்க" என்றான். வேண்டாம் என்று கடைசி சீட்டுக்குப் போனேன். தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் இறுக்கம். சாமை மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெள்ளிமலையில் இறங்கி, ஜீப் நிற்கிற இடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் ஈரம். டீ வாங்கிக் குடித்தேன். ரொம்ப நாள் கழித்துப் பயமில்லாமல் குடித்த டீ. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. டீக்கடைக்காரரிடம் என்னவென்று சொல்வது? காசைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் இறங்கினேன்.

ஆனால் என் பயம் பஸ் இல்லை. மடியில் உட்காருகிற எடை. அதற்குப் பத்து கிலோ அரிசிப் பையை எடுத்து மடியில் வைத்துப் பழகினேன். பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தூக்கித் தூக்கித் தொப்பென்று மடியில் போட்டுக்கொள்வேன். போடுவதற்கு முன்னால் இறுக்கம். அறுபது வயதுக் கிழவன் சாயங்காலத்தில் அரிசிப் பையைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார்கள். சித்திரைக் கடைசியில் பை எப்படி விழுந்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் அரிசிப் பை உதைக்காது, திமிறாது, கத்தாது. அது எனக்குத் தெரிந்திருந்தது.

வைகாசி முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் அடிவாரத்துப் பக்கம், வாய்க்கால் ஓரம். கம்மல், பட்டுப்பாவாடை, தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு பட்டு வேட்டி கட்டிப் போனேன். உள்ளே டயபர் இல்லை. நடக்கும்போது சரசரக்கும், வேட்டியில் புடைத்துத் தெரியும். ஒரு பேட் மட்டும் வைத்துக்கொண்டேன். தங்கை என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தட்டை வாங்கினாள். எவ்வளவோ மாசம் கழித்து அவள் முகம் முழுசாகச் சிரித்தது. எனக்கும் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

பொங்கல் வைக்கிற அடுப்புகளிலிருந்து புகை சுற்றிக்கொண்டது. தும்மல் வந்தது. இறுக்கிக்கொள்வதற்குள் அடுக்கடுக்காக மூன்று நான்கு தும்மல். தொடை நடுவில் சில்லென்று நனைந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண்ணை இருட்டியது. அந்தப் பக்கம் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், காது குத்துகிற பத்தர் கம்மலைக் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு ஜனம் முழுக்க மணையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பட்டில் மஞ்சளாக ஒரு வட்டம் பரவுவதை நான் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

"தாய்மாமன் வந்து உக்காருங்க" என்று மாமியார் கூப்பிட்டாள்.

"முட்டி புடிச்சிகிச்சி. மடக்க முடியல" என்றேன்.

யாரோ நாற்காலி போடலாம் என்றார்கள். நாற்காலியிலும் முடியாது என்றேன். தங்கை கையில் குழந்தையோடு நின்றாள். என்னையே பார்த்தாள். மாமியார்தான் பேசினாள். "இதுக்குத்தான் இத்தினி மாசம் காத்துகினு கெடந்தோமா? பெரியப்பா புள்ள கீறாரு இல்ல, அவரும் அண்ணன்தான். வாப்பா, நீ உக்காரு." எங்கள் பெரியப்பா மகன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். மொட்டையடிக்கும்போது ஒரு கத்தல், இடது காதுக்கு ஒரு கத்தல், வலது காதுக்கு ஒரு கத்தல். மூன்றும் எனக்குக் கேட்டது.

எல்லோரும் குழந்தையைக் கொஞ்சுகிற நேரம் பார்த்து வாய்க்கால் மறைவுக்குப் போனேன். வேட்டியை விலக்கி, பேடை எடுத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. தொடையில் இருந்தது வியர்வை. வைகாசி வெயிலில், அடுப்புப் பக்கத்தில் நின்ற எவனுக்கும் வருகிற வியர்வை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

பின்னால் தங்கை வந்து நின்றாள். "முட்டி மடங்கலன்னு சொன்ன. இங்க குத்துக்கால் போட்டு உக்காந்துகினு கீற" என்றாள். குரலில் கோபம் கூட இல்லை. அதற்கு மேல் மறைக்க என்னிடம் பொய் எதுவும் மிச்சமில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரித் தரை, செத்துப்போன அம்மா பெயரில் வாங்கிய டயபர், பொங்கலன்று குழந்தையைத் தள்ளியது, அரிசிப் பை.

அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தாண்ணா" என்றாள். "இவள ஆயுதம் போட்டு எடுத்தாங்க இல்ல, அன்னியிலேருந்து. இருமுனா வந்துடும், தும்முனா வந்துடும், கொடம் தூக்குனா வந்துடும். இப்பவும் துணி வெச்சிகினுதான் கீறேன். அவருக்குக் கூடத் தெரியாது. இத யாருகிட்ட போய்ச் சொல்றது?"

மூன்று வருஷம். பொங்கலன்று நான் கொல்லைக்கு ஓடியபோது, அந்தக் கொல்லைக் கொடியில் அவளுடைய துணிகள் புடவைக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்திருக்கும்.

"மொதல்லியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஒரு டவல மடிச்சி உம் மடியில போட்டு உக்கார வெச்சிருப்பேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. "போச்சி. ஒரே ஒரு காது குத்துதான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது சரியாயிடும் பாப்பா" என்றேன். "காத்த அடக்கற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி, மேல தூக்கு. மூச்ச வுட்டுகினே செய்."

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கோயிலைப் பார்த்துக்கொண்டு இறுக்கினோம், விட்டோம். இறுக்கினோம், விட்டோம். பந்திக்குக் கூப்பிட வந்த ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, அண்ணனும் தங்கையும் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் திரும்பிப் போனாள். கோயில் வாசலில் பெரியப்பா மகன் உலாத்திக்கொண்டிருந்தான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு, நான் வாங்கிய கம்மலோடு, குழந்தை தூங்கிவிட்டிருந்தது.